காலி என்று குறித்த இடம்

அந்தக் கட்டுப்பாட்டு அறையில் இரண்டு பேரும் அடித்த கொட்டம் கொஞ்சமா நஞ்சமா! வானத்தில் கறுப்பாக அப்பிக் கிடக்கும் தூசி மேகங்களுக்குள் நட்சத்திரங்கள் பிறப்பதை ரேடியோ தொலைநோக்கியில் பார்க்கும் வேலை. கண்ணால் பார்ப்பதில்லை என்பதால் பட்டப்பகலிலேயே நடக்கும். அவளும் தோழியும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து, மேகத்தின் சிக்னல் திரையில் கோடாக எழும்புவதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தோழியை எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். கோட்டின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்த அன்று அவள் போட்ட கூச்சலில், தீப்பிடித்துவிட்டது என்று பொறியாளர் வாளியோடு ஓடி வந்தார்.

பள்ளம் விழுந்தால், வாயு உள்ளே சரிந்து ஒரு நட்சத்திரம் இப்போதுதான் உருவாகிறது என்று அர்த்தம். வாயாடி அதை எழுதி வெளியிட்டாள். ஆறே மாதத்தில் வேறொரு குழு பார்த்தது. பள்ளமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கணக்கில் கோட்டை விட்டவள் என்று அவள் பெயர் கெட்டது. அவளும் அப்படியே நம்பி, துறைக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போய்விட்டாள்.

கணக்கில் தப்பே இல்லை. மேகத்தைப் பார்த்த பிறகு பக்கத்தில் காலி வானத்தையும் பார்த்து, கருவியின் சொந்த இரைச்சல் நீங்க அதை இதிலிருந்து கழிக்க வேண்டும். அந்தக் காலி இடத்தைக் குறித்துக் கொடுத்தவள், நாற்காலியின் மறுபாதியில் இருந்த இவள்தான்.

"சுத்தமா காலியான்னு பார்த்தியா?" என்று வாயாடி அன்று கேட்டாள்.

"பார்த்தாச்சுடி, ஆரம்பி."

பார்க்கவில்லை. கேன்டீனை மூடிவிடுவார்களே என்ற அவசரம். பிறகு சந்தேகம் அரித்தபோது இவளுக்கு வேலைக்கான நேர்காணல் இருந்தது, வாயை மூடிக்கொண்டாள். இருபத்தாறு வருடம்! ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போதுதான் அம்மணிக்குத் துணிச்சல் வந்தது. இன்று காலை தொலைநோக்கியை அந்த இடத்துக்குத் திருப்பினாள். அங்கே வாயு இருந்தது. அதைக் கழித்ததால்தான் அன்று பள்ளம் விழுந்திருக்கிறது. அந்த நாட்களை நினைத்து இத்தனை வருடம் ஏங்கியதற்கே இவளுக்கு வெட்கமாக இருந்தது.

மதியம் போன் செய்தாள்.

"அந்த இடம் காலி இல்லடி. நான் அன்னிக்குப் பார்க்கவே இல்ல, பொய் சொன்னேன். உன் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு."

மறுமுனையில் வாயாடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வது கேட்டது.

"இருக்கியா?"

"இருக்கேன்." என்றாள் வாயாடி. "இன்னிக்கும் போர்டுல ஒரு சின்னக் கழித்தல் போட்டாக்கூட மூணு தடவ சரிபார்க்கிறேன். பசங்க சிரிக்கிறாங்க. தெரியுமா உனக்கு?"

"மன்னிச்சிடுடி."

"அதெல்லாம் அப்புறம். பழைய டேட்டா, புது டேட்டா, ரெண்டையும் அனுப்பு. நானே பார்த்துக்கிறேன். நீ சொன்னத ஒரு தடவ நம்பினது போதும்."