குட்டி என்றுதான் நினைத்தேன்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. எங்கள் ஊர் நீச்சல் கூடத்தில், பிள்ளைகள் தண்ணீரில் காலடிக்கப் பழகும்போது பெற்றோர் உட்கார்ந்திருக்கும் ஈர பெஞ்சில் கிடைத்தது. சொன்னவன் ஹென்னிங். எங்கள் தெருவின் கடைசி வீட்டில் இருக்கிறான். வீடுகளுக்குச் சமையலறை அலமாரி பொருத்தும் வேலை. மழை, காளான், கார் டயர் இவற்றைத் தவிர வேறெதையும் அதுவரை என்னிடம் பேசியதில்லை. அன்றைக்கு அவன் மகள் தூவா தலையைத் தண்ணீருக்குள் விட்டு மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே சொல்ல ஆரம்பித்தான். எனக்குச் சொன்னானா, தண்ணீருக்குச் சொன்னானா, தெரியாது.

பிறகு ஒருநாள், இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"பேரை மாத்திக்கோ" என்றான்.

மாற்றிவிட்டேன். [ஊர்ப் பெயரையும் விட்டுவிட்டேன். பயத்தை மட்டும் மாற்றவில்லை. அதை எப்படி மாற்றுவதென்று எனக்குத் தெரியவில்லை.]

2

முதல் தொடக்கம்: "இலையுதிர்காலத்தின் பொன்னிறக் காடு தன் மடியில் இரண்டு குழந்தைகளை" — அடித்துவிட்டேன். காட்டுக்கு மடி கிடையாது.

அடுத்தது: "துப்பாக்கி வெடித்தபோது ஹென்னிங்கின் மகனுடைய கால்சட்டை" — இதுவும் வேண்டாம். நடந்தது அப்படித்தான். ஆனால் வெடிச் சத்தத்தோடு ஆரம்பித்தால் உங்கள் கழுத்தைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்ததுபோல் ஆகிவிடும். சாதாரணமாகவே தொடங்குகிறேன்.

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. ஹென்னிங்கின் மனைவி மரிட்டுக்கு ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட். வாசலில் ஷூ போட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஏரிப் பக்கமே போயிட்டு வந்துடுங்க. மேல ஏறாதீங்க. வேட்டை ஆரம்பிச்சிருக்கு."

"தெரியும்."

"தெரியும்னு சொல்றது வேற, கேக்குறது வேற."

"பசங்களுக்கு ஆரஞ்சு சட்டை போட்டுத்தான் கூட்டிட்டுப் போவேன். போதுமா?"

"உனக்கும் ஒண்ணு போட்டுக்கோ. உன்னைப் பார்த்தாத்தான் கடமான் மாதிரி இருக்கு."

எங்கள் மாகாணமான வெர்ம்லாந்தில் அக்டோபர் என்றால் கடமான் வேட்டை. குதிரையை விட உயரமான மிருகம். அலுவலகத்தில் பாதிப் பேர் லீவு போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் கையில்லாச் சட்டை மாட்டிக்கொண்டு காளான் பொறுக்கப் போவார்கள். காடு எல்லோருக்கும் பொது. இங்கே இதை யாரும் பெரிய விஷயமாக நினைப்பதில்லை. ஹென்னிங்கும் நினைக்கவில்லை.

3

முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது. அவசரப்பட்டு அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. ஒருநாளை அதன் முடிவை வைத்து மட்டும் நினைவில் வைப்பது அந்த நாளுக்குச் செய்கிற அநியாயம்.

பிர்ச் மரங்கள் மஞ்சளாகக் கொட்டிக்கொண்டிருந்தன. சின்னவன் மெல்கர் வழியில் இருந்த குட்டை ஒன்றையும் விடவில்லை. அவன் ஒவ்வொன்றிலும் இறங்கி, அது எவ்வளவு ஆழம் என்று அப்பாவுக்கு அறிவித்தான். தூவா பள்ளியில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும்.

"அப்பா, மரம் எதுக்கு இலையைப் போடுது தெரியுமா?"

"எதுக்கு?"

"குளிர்காலத்துல தூக்கிட்டு நிக்க முடியாதுன்னு."

"என்னையும் தூக்க முடியாதா?" என்று கேட்டான் மெல்கர்.

"உன்னை யாராலயும் முடியாது."

ஏரிக்கரையில் இலவங்கப்பட்டை பன்னும், பிளாஸ்கில் கொண்டுவந்த சூடான சாக்லேட்டும். தூவா ஆரஞ்சுச் சட்டை கழுத்தில் உறுத்துகிறதென்று இழுத்து இழுத்துவிட்டாள். அவள் உள்ளே போட்டிருந்தது பழுப்புக் கம்பளிச் சட்டை.

மேலே போனதற்குக் காரணம் பிள்ளைகள் அல்ல. காளான்தான். மஞ்சள் தண்டுள்ள சின்னக் காளான், வெண்ணெயில் வதக்கினால் வீடு முழுக்க மணக்கும். ஏரிப் பக்கத்தில் ஏற்கெனவே யாரோ பொறுக்கிவிட்டார்கள். சரிவில் கொஞ்சம் ஏறினால் பாசிக்கு நடுவில் கிடைக்கும் என்று ஹென்னிங்குக்குத் தெரியும். பாதை பிரியும் இடத்தில் "வேட்டை நடக்கிறது" என்று பலகை மாட்டியிருந்தார்கள். அவன் அதைப் படித்தான். நாய்ச் சத்தம் ஏரிக்கு அப்பால்தான் கேட்டது. வேட்டைக்காரர்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

[அவன் பலகையைப் பார்க்கவில்லை என்று எழுத ஆசைப்பட்டேன். அவனைக் காப்பாற்றியதுபோல் இருக்கும். ஆனால் பெஞ்சில் அவன் இரண்டு முறை சொன்னான்: "படிச்சேன். நல்லாப் படிச்சேன்."]

4

"அப்பா, எனக்கு வருது" என்றான் மெல்கர்.

"எது வருது?"

"பெரிசு."

பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மழைக் கால்சட்டை, அதற்குள் கம்பளி, அதற்குள் இன்னொன்று. தோள்பட்டி, கொக்கி, ஜிப். ஒரு மரத்துக்குப் பின்னால் அவனைக் குந்தவைத்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான் ஹென்னிங்.

"தூவா, அங்கயே நில்லு."

"நிக்கிறேன்."

அவள் நின்றது அவன் முதுகுக்குப் பின்னால். நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கிளைகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறம் தெரிந்தது. சரி என்று மகன் பக்கம் திரும்பிக்கொண்டான். பாசியைப் பிடுங்கித் துடைத்தான். மறுபடி திரும்பினான். ஆரஞ்சு அங்கேயே இருந்தது.

"வா தூவா, கிளம்பலாம்."

ஆரஞ்சு அசையவில்லை.

"தூவா, விளையாட்டு போதும்."

நாலு எட்டு நடந்து கிளையை விலக்கினான். ஊசியிலை மரத்தின் முறிந்த கொம்பில் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஒழுங்காக, ஆணியில் மாட்டியதுபோல. உள்ளே யாரும் இல்லை.

5

இங்கே நான் ஒரு பொய் எழுதினேன்.

முதல் பிரதியில் ஹென்னிங், மெல்கரை ஒரு மரக்கட்டையில் உட்காரவைத்து, "இங்கயே இரு, அசையாதே" என்று சொல்லிவிட்டு மகளைத் தேடி ஓடுகிறான். ஒரு பிள்ளைக்காக இன்னொன்றை விட்டுப் போவது. கதைக்கு நல்ல திருப்பம், எழுதுகிறவருக்கு இனிப்பு. ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டேன். அதில் மெல்கர் கட்டையில் உட்கார்ந்து தனியாகப் பாடுகிறான். பிறகு எழுந்துபோய் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து படித்தேன். என் பிள்ளை பக்கத்து அறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

நடந்தது இதுதான். பாயைச் சுருட்டி இடுக்கிக்கொள்வதுபோல் மெல்கரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினான். பையனின் கால்சட்டை முட்டிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"தூவா. தூவா."

அவன் சரிவில் ஏறினான், இறங்கினான். பழுப்பு நிறத்தில் இருந்த ஒவ்வொன்றும் அவளாகத் தெரிந்தது. காய்ந்த பெரணி, விழுந்த மரம், கரையான் புற்றுபோல் எழும்பிய எறும்புக் குன்று. இந்தப் பருவத்தில் காடே பழுப்புதான்.

அப்போது ஒரே ஒரு வெடி. மேலே, எங்கேயோ.

"இடி" என்றான் மெல்கர்.

அதற்குப் பிறகு ஹென்னிங் அவள் பெயரைக் கூப்பிடவில்லை. பெஞ்சில் இதைச் சொன்னபோதுதான் முதன்முதலாக என்னைப் பார்த்தான். "கூப்பிட்டு பதில் வரலைன்னா? கூப்பிடாத வரைக்கும் அவ பதில் சொல்லாம இல்லையே" என்றான். இதை நான் கொஞ்சம்கூட மெருகேற்றவில்லை. வாய் திறக்காமல், மகனைச் சுமந்துகொண்டு, சத்தம் வந்த திசையில் நடந்தான். ஓட முடியவில்லையாம். கால் ஓட ஒத்துக்கொள்ளவில்லையாம்.

6

இந்த இடத்துக்கு ஒரு குடிகாரனைக் கொண்டுவந்தால் வசதியாக இருக்கும். வெளியூர்க்காரன், பணக்காரன், யார் பேச்சையும் கேட்காதவன். நீங்களும் நானும் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

ஆனால் வேட்டைக்காக மரத்தில் கட்டிய பரணுக்குக் கீழே பாசியில் உட்கார்ந்திருந்தது இங்கெலா. எங்கள் பள்ளி பஸ்ஸை ஓட்டுகிறவள். பிள்ளைகள் பெல்ட் போட்டுவிட்டார்களா என்று எழுந்துவந்து ஒவ்வொரு சீட்டாகப் பார்க்காமல் வண்டியை எடுக்காதவள். துப்பாக்கி தூரத்தில், குண்டு கழற்றப்பட்டு, மரத்தில் சாய்ந்திருந்தது. அவள் மடியில் தூவா. கையில் பாதி தின்ற பன்.

"அப்பா" என்றாள் தூவா. "நீ ஏன் மெல்கரைத் தலைகீழாப் பிடிச்சிருக்க?"

ஹென்னிங் உட்கார்ந்துவிட்டான். மகளின் தலை, கை, முதுகு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தான். எங்கும் ஈரம் இல்லை.

"அந்த வெடி நான் இல்ல. மேட்டுக்கு அந்தப் பக்கம் நம்ம ஆளுங்க" என்றாள் இங்கெலா. "வாக்கிடாக்கில சொல்லிட்டேன். எல்லாரும் நிறுத்திட்டாங்க. ஹென்னிங், கொஞ்சம் இப்படி வா."

பிள்ளைகளுக்குக் கேட்காத தூரத்துக்கு அவனை அழைத்துப்போனாள்.

"குட்டின்னுதான் நினைச்சேன்."

அவன் புரியாமல் பார்த்தான்.

"பழுப்பா, தாழ்வா, மரத்துக்கு நடுவுல நகந்துது. நிக்கும். திரும்ப நகரும். குட்டி அப்படித்தான் வரும். எங்க குழுவுக்குச் சுட அனுமதிச்ச கணக்குல இந்த வருஷம் குட்டி பாக்கி. துப்பாக்கிப் பூட்டை எடுத்துட்டேன். குறி பார்க்குற கண்ணாடிக்குள்ள வந்துடுச்சு." அவள் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள். "அப்புறம் அது கையை நீட்டிப் பழம் பறிச்சுது."

ஹென்னிங் பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"பழம் பறிக்கலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. அதை நான் உன்கிட்ட மறைக்க மாட்டேன். மரிட்கிட்ட நீ சொல்லிடு. நீ சொல்லலைன்னா நான் வந்து சொல்லுவேன். அவளுக்குத் தெரியாம என்னால அந்த பஸ்ஸை எடுக்க முடியாது."

"நன்றி" என்றான் ஹென்னிங்.

எதற்கு நன்றி சொன்னோம் என்று அவனுக்கு இன்றுவரை தெரியவில்லை. [இங்கே பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்வோம். அப்படித்தான் வந்திருக்கும். ஒருவேளை அப்படி இல்லையோ என்னவோ.]

7

காரில் மெல்கர் உடனே தூங்கிவிட்டான். தூவா கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள்.

"அந்த ஆன்ட்டிக்குக் கை நடுங்கிச்சுப்பா. நான் பிடிச்சுக்கிட்டேன்."

"ம்."

"பயந்துட்டீங்களான்னு கேட்டேன். ஆமான்னாங்க."

"எதுக்காம்?"

"என்னை வேற யாரோன்னு நினைச்சுட்டாங்களாம்."

பஸ் நிறுத்தம் ஒன்றில் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். "பெட்ரோல் தீந்துடுச்சா?" என்றாள் தூவா. இல்லை என்றான்.

8

முடிவு என்று நான் எழுதிப் பார்த்தவை:

வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லிவிடுகிறான். மரிட் கத்தவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு மேலே போய் — இதற்கு மேல் ஓடவில்லை. மரிட்டை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. தெரியாத ஒருத்தியின் வலியை ஊகித்து எழுதக் கூச்சமாக இருந்தது.

சொல்லாமல் விடுகிறான். காளானை வதக்குகிறான். ருசியாக இருக்கிறது என்கிறாள் மரிட். அவன் அதைத் தின்று — வேண்டாம். கொடூரமாக இருக்கிறது.

உண்மையில் அன்று மாலை காளானை அவன் குப்பையில் கொட்டினான். பூச்சி இருந்தது என்று சொன்னான். மரிட் களைத்து வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் சொல்ல வாயெடுத்தான். மெல்கர் பாலைக் கவிழ்த்தான். குளிப்பாட்டும்போது சொல்லலாம் என்று இருந்தான். அப்போதும் முடியவில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு கட்டாயம் சொல்வது என்று தனக்குத் தானே வாக்குக் கொடுத்துக்கொண்டான்.

தூவாவின் அறைக்கு வெளியே நடையில் நின்றான். கதவு பாதி திறந்திருந்தது. மரிட் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இன்னிக்கு நான் கதை சொல்லட்டா?"

"சொல்லு."

"ஒரு காட்டுல ஒரு கடமான் குட்டி இருந்துச்சாம். அதோட அம்மா வேலைக்குப் போயிருந்துச்சாம்."

"கடமானுக்கு என்ன வேலை?"

"ஆஸ்பத்திரில."

மரிட் சிரித்தாள்.

"அதுக்கு ஆரஞ்சு சட்டை போட்டுவிட்டிருந்தாங்க. கடமான் எங்கயாவது சட்டை போடுமா? அதனால கழட்டி மரத்துல மாட்டிடுச்சு. அப்புறம் நாலு கால்ல நடந்துச்சு. மெதுவா. சத்தமே வராம. அப்பா கடமானுக்குக்கூடத் தெரியாம."

இப்போது மரிட் சிரிக்கவில்லை.

"மரத்து மேல ஒரு ஆன்ட்டி உக்காந்திருந்தாங்க. அவங்க குட்டியைப் பார்த்துட்டாங்க."

தூவா நிறுத்தினாள். கொட்டாவி விட்டாளா, யோசித்தாளா, ஹென்னிங்குக்குத் தெரியவில்லை.

"அப்புறம்?" என்றாள் மரிட். அவள் மகளைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தாள்.

9

ஹென்னிங் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். கேட்டால் மீதியையும் சொல்வான். நான் கேட்கவில்லை. அந்த "அப்புறம்?" எனக்கானது இல்லை என்று தோன்றியது.

கதை சொல்கிறவளுக்கு ஆறு வயது. அவளுக்குத் தெரிந்தது, பன் தின்றதும் ஒரு நடுங்கும் கையைப் பிடித்துக்கொண்டதும்தான். மீதி தெரிந்தவன் நடையில், இருட்டில் நிற்கிறான். உள்ளே போய்த் தானே சொல்லலாம். பிள்ளை சொல்லட்டும், அதில் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்று விட்டுவிடலாம். எது சரி என்று எனக்குத் தெரிந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

இவ்வளவு நேரம் அவன் தோளோடு தோள் ஒட்டி வந்தவர் நீங்கள். கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மரிட் காத்திருக்கிறாள். தூவா மூச்சை இழுத்துவிட்டாள், வாயைத் திறக்கப்போகிறாள் —