காவல்பூதத்துக்கு யார் காவல்

உப்பளம் பகுதியில் அல்பேர் வீட்டு மாடியில் ஞாயிறு தோறும் சீட்டாட்டம் நடக்கும். ரம்மி இல்லை. பூதம், சூனியக்காரி, கோட்டை, படை என்று படம் போட்ட சீட்டுகள். அல்பேரின் மகன் துலூஸிலிருந்து அனுப்பியவை. எல்லாம் பிரெஞ்சில் இருந்ததால் அல்பேர் ஒவ்வொன்றிலும் தமிழில் எழுதி ஒட்டியிருந்தார். முதலில் தோற்பவர்தான் அன்றைக்கு நடுவர், அவர் சொல்லுக்கு அப்பீல் கிடையாது என்பது அந்த வீட்டுச் சட்டம். தோற்றவருக்கு யார் ஜெயித்தால் என்ன என்று அதற்கொரு நியாயமும் வைத்திருந்தார்கள்.

அன்று கலைமகள் நடுவர். கடைசி ஆட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அவள் கணவன் விக்ரமும் அல்பேரின் அண்ணன் மகள் அனைஸும். ஜெயிப்பவருக்குப் பெங்களூர் போட்டியில் ஆட இடம். அந்த இடத்துக்குக் கலைமகளும்தான் ஆசைப்பட்டாள். கல்யாணமான புதிதில் விக்ரம் கற்றுக்கொடுத்த ஆட்டம், இப்போது தூக்கத்திலும் அதே நினைப்பு.

அனைஸ் தீமழைச் சீட்டை இறக்கினாள். ‘களத்தில் நிற்கும் எல்லாரும் ஒரே நேரத்தில் சாவார்கள்.’ விக்ரமின் பக்கம் காவல்பூதம் நின்றது. ‘இது களத்தில் நிற்கும்வரை உன் படையில் யாரும் சாக மாட்டார்கள்.’

“பூதம் செத்துடுச்சு. கூடவே படையும் காலி,” என்றாள் அனைஸ்.

“அதெப்படி? பூதமும் என் படைதான?” என்றான் விக்ரம். “யாரும் சாக மாட்டாங்கன்னு போட்டிருக்கில்ல?”

கலைமகள் இரண்டு சீட்டையும் மாற்றி மாற்றிப் படித்தாள். அனைஸ் சொன்னது சரியாகப் பட்டது. விக்ரம் சொன்னதும், பாழாய்ப்போக, சரியாகத்தான் பட்டது. காவலுக்கு நிற்கும் பூதம் தன்னையும் காப்பாற்றிக்கொள்ளுமா? சாகிற அந்த நொடியில் அது நிற்கிறதா, விழுந்துவிட்டதா?

“பிரெஞ்சுல எப்படி இருக்கு அங்கிள்?”

அல்பேர் ஒட்டிய தாளைத் தூக்கிப் பார்த்தார். “அதுலயும் இப்படித்தாம்மா கொழப்பி வெச்சிருக்கான்.”

மறுபடி பூதத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. காலையில் இதே பூதம் அவள் பக்கம் நின்றது. தீமழையை இறக்கியவன் விக்ரம். “பூதம் படையில சேராது கலை, எல்லாம் போச்சு,” என்றான். கற்றுக்கொடுத்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சீட்டுகளை வாரிக் கொடுத்துவிட்டு வந்து நடுவராக உட்கார்ந்தாள்.

“ஏங்க, காலைல பூதம் படையில சேராதுன்னீங்களே?”

விக்ரம் சிரித்தான். “நீதான் ஒண்ணும் கேக்கலியே.”

தோற்றதைவிட அந்தச் சிரிப்பு வலித்தது.

“பூதமும் படைதான். படை சாகல,” என்றாள். விக்ரம் மேசையைத் தட்டினான். அனைஸின் முகம் தொங்கிப்போனது. “அப்போ காலைல நானும் தோக்கல. எங்க ஆட்டம் பாதியில நிக்குது. வாங்க, முடிப்போம்.”

“மோன் தியே, கடவுளே!” என்றார் அல்பேர். “நீ தோக்கலன்னா நீ நடுவரில்ல. நடுவரில்லன்னா தீர்ப்பு செல்லாது. செல்லாதுன்னா நீ தோத்தவதான். தோத்தவன்னா நீதான் நடுவர்...” அங்கேயே நின்று, விரலை மடக்கி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கலைமகளுக்கும் தலை சுற்றியது. தான் யார், தோற்றவளா, நடுவரா, ஆடவேண்டியவளா என்பதே பிடிபடவில்லை. ஆனாலும் விக்ரமின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“வீட்ல போய்ப் பேசிக்கலாம் கலை,” என்றான் அவன் தணிந்த குரலில்.

“வீட்ல யாருங்க நடுவர்?”