நனைந்த தோளின் விலை

குடைக் கம்பெனியில் அவருக்குப் பாதிவிலை என்று பெயர். துணிக்காரர், கம்பிக்காரர், அட்டைப்பெட்டிக்காரர், யார் என்ன விலை சொன்னாலும் அதில் பாதியில் ஆரம்பித்து, பாதிக்குப் பக்கத்திலேயே முடித்துவிடுவார். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. முதுகுக்குப் பின்னால் கேட்கும்போது அவருக்கும் உள்ளூரப் பெருமைதான். கம்பெனி அக்கா புருஷனுடையது. எந்த வேலையிலும் ஒட்டாமல் திரிந்த மச்சானுக்கு இரக்கப்பட்டுப் போட்ட நாற்காலி அது. தின்கிற சோற்றுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்று அவரும் அடிமாட்டு விலையிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் விளம்பரத்துக்கு ஒரு படம் தேவைப்பட்டது. ஏதோ ஒரு கண்காட்சியில் பார்த்த படத்தை அக்கா போனில் பிடித்துக்கொண்டு வந்து காட்டினாள். வயசான கணவனும் மனைவியும் ஒரே குடையின் கீழ் முதுகு காட்டி நடந்துபோகிறார்கள். குடை அந்த அம்மாள் பக்கம் சாய்ந்திருக்கிறது. பிடித்திருக்கிற மனுஷருடைய வெளித்தோள் தொப்பலாக நனைந்து, சட்டை உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது.

"குடை விக்கிறவன் நனையறவனைக் காட்டுறதா? நல்லா இருக்கு!" என்றார் முதலாளி.

"அவர் நனையறது உங்களுக்குத் தெரியுது. ஏன் நனையறார்னு தெரியலையே! எனக்கு மட்டும் ஏன் வருஷா வருஷம் ஜலதோஷம் பிடிக்குதுன்னு இப்பவாவது புரியுதா?" என்றாள் அக்கா.

முதலாளி மச்சானைப் பார்த்துத் திரும்பினார். "போய் மொத்தமா எழுதி வாங்கிட்டு வா. எல்லா உரிமையும், காலத்துக்கும். உன் விலையில."

படம் எடுத்த போட்டோக்காரம்மாவின் ஸ்டூடியோ, கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இருந்தது. படி ஏறிப் போனபோது அந்த அம்மாள் ஒரு தோல் செருப்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் முழுக்கக் கறுப்புத் துணி. மேலிருந்து சாம்பல் நிறக் காகிதம் தரைவரை இறங்கியிருந்தது. "ஒரு நிமிஷம் சார்" என்றவர், செருப்புக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த வெள்ளை அட்டையை விரல் நுனியால் நகர்த்தினார். நின்று பார்த்தார். மறுபடி ஒரு நூல் அளவு நகர்த்தினார். பாதிவிலையும் பார்த்துக்கொண்டேதான் நின்றார். சும்மா கிடந்த செருப்பின் ஓரத்தில் ஒரு வெளிச்சக்கோடு ஓடியது. தையல் தையலாக எழுந்து நின்றது. இதை யார் காலில் போட்டாலும் இவ்வளவு நன்றாக இருக்காது. வந்த காரியம் ஒரு கணம் மறந்தே போயிற்று.

நாற்காலியில் உட்கார்ந்ததும் பழைய ஆளாகிவிட்டார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை புகழவில்லை. புகழ்ந்தால் விலை ஏறும் என்பது அவருடைய தொழில் பாடம்.

"எங்க போடப் போறீங்க சார்?"

"சும்மா, எல்லா இடத்துலயும்தான்."

"சும்மான்னா எங்க?"

இத்தனை வருஷத்தில் 'சும்மா'வுக்கு யாரும் பாதிவிலையிடம் விலாசம் கேட்டதில்லை.

"எவ்வளவு காலத்துக்கு?"

"காலத்துக்கும்."

போட்டோக்காரம்மா தலையாட்டிக்கொண்டே ஒரு தொகையைச் சொன்னார். பாதிவிலைக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது. இருமல் அடங்கியதும் தன்னுடைய வித்தைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். பெருமூச்சு விட்டார். நெற்றியைத் துடைத்தார். மோட்டுவளையைப் பார்த்தார். பருப்பு வேகவில்லை. கடைசி அஸ்திரமாக எழுந்துபோய்க் கதவின் கைப்பிடியில் கையை வைத்தார். அந்த இடத்தில் எப்பேர்ப்பட்ட வியாபாரியும் "சார், சார்" என்று ஓடி வந்துவிடுவான்.

"அந்தக் கதவு கொஞ்சம் இறுக்கம் சார். நல்லா இழுத்துத் திறங்க" என்றார் போட்டோக்காரம்மா.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். வேறு என்ன செய்வது?

"உங்க குடைக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம் தர்றீங்க?"

"ஒரு வருஷம்."

"ஒரு வருஷம் தாங்குற குடைக்கு எதுக்கு சார் காலத்துக்கும் படம்? அடுத்த மழைக்கு நீங்க புது ரகம் போடுவீங்க, புதுப் படம் கேப்பீங்க. பெட்டியில, கடைப் பலகையில, ஒரு வருஷத்துக்கு. உங்களுக்குத் தேவை அவ்வளவுதான். படுக்க ஒரு ரூம் வேணும்னு வந்துட்டு யாராவது தெருவையே விலை பேசுவாங்களா?"

அதற்கு அந்த அம்மாள் சொன்ன தொகை, பாதிவிலை மனசுக்குள் வைத்திருந்த தொகையில் பாதிகூட வரவில்லை. கேட்டதும் அவருக்குச் சந்தேகம்தான் முதலில் வந்தது. எங்கோ ஏமாறுகிறோம் என்று பட்டது. அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வெட்கமாகப் போயிற்று.

"நீங்க கூடுதலாவே வாங்கியிருக்கலாமே? நான் கொடுத்திருப்பேனே!"

"தேவையில்லாததை உங்க தலையில கட்டுறது ஒரு பிழைப்பா சார்? ஆனா ஒண்ணு. வேற எங்கயாவது போடணும்னா, போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க. படத்துல நடக்கிற ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு புது இடத்துக்கும் ஒரு பங்கு போகுது. நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

பாதிவிலை வாழ்க்கையில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறார். கெட்டிக்காரத்தனமும் நியாயமும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். "கேக்காம போட மாட்டோம்மா. அது என் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, கதவை நன்றாக இழுத்துத் திறந்துகொண்டு இறங்கினார். அடுத்த வாரம் அட்டைப்பெட்டிக்காரர் வந்தபோது, "உங்களுக்கு அடக்கம் எவ்வளவு ஆகுது?" என்று விசாரித்தார். அந்த மனுஷர் பயந்துபோய், உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று கேட்டார்.

படம் கடைகளில் ஏறியது. மழையும் வந்தது. குடை விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று. ஜனங்கள் கடைப் பலகை முன்னால் நின்று அந்த நனைந்த தோளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் காலை பாதிவிலை தெருவைக் கடக்க நின்றபோது அந்தத் தோள் அவரைத் தாண்டிப் போயிற்று. பஸ் நீளத்துக்கு! குடையும் முதுகுகளும் நனைந்த சட்டையும் ஜன்னல்களுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தன. அவர் நேரே முதலாளி அறைக்குப் போனார்.

"மாமா, பஸ்ஸுல போட நாம எழுதி வாங்கலையே!"

"அட, விடு மச்சான். அந்தம்மா இருக்கிறது ஒரு மூலை, பஸ் ஓடுறது ஒரு மூலை. யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்த்துட்டேனே, மாமா."

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார்.

"முழுப் பூசணிக்காயையாவது சோத்துல மறைக்கப் பார்க்கலாம் மாமா. பஸ்ஸை எங்க மறைக்கிறது? அது போகட்டும். கேக்காம போட மாட்டோம்னு நான் வாய் குடுத்துட்டு வந்திருக்கேன்."

"உனக்குச் சோறு போடறது நானா, அந்தம்மாவா?"

அந்தக் கேள்வி இத்தனை வருஷமாக அந்த அறையில் கேட்கப்படாமலே இருந்தது. இன்றைக்குக் கேட்கப்பட்டுவிட்டது. பாதிவிலைக்குக் காது சூடேறியது. ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை.

"நீங்கதான் மாமா. அதனாலதான் உங்ககிட்ட முதல்ல சொல்றேன்."

முதலாளி கொஞ்ச நேரம் பேப்பர்களைப் புரட்டினார். "சரி. நீயே பேசி முடி. அவங்க சொல்றதுல பாதிதான் கம்பெனி கொடுக்கும். அதுக்கு மேல போறது ஒவ்வொரு காசும் உன் சம்பளத்துல. உன் பேரைக் காப்பாத்து, பார்க்கலாம்" என்றார்.

பாதிவிலை வெளியே வந்து, மாடிப்படித் திருப்பத்தில் நின்று போன் செய்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். மன்னிப்பும் கேட்டார். போட்டோக்காரம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ நிதானமாக எந்த ஊர் பஸ், எத்தனை மாதம் என்று விசாரித்துவிட்டு ஒரு தொகையைச் சொன்னார். நியாயமான தொகைதான். ஆனால் பழக்கதோஷம் யாரை விட்டது? அதில் பாதி எவ்வளவு என்று அவர் மனசு தானாகவே கணக்குப் போட்டு முடித்திருந்தது. வாயைத் திறந்து அதைச் சொன்னால் போதும். சம்பளம் பிழைக்கும், பெயரும் பிழைக்கும்.

"என்ன சார், சத்தத்தையே காணோம்? கதவைத் திறக்கப் போறீங்களா?"

"இல்லம்மா." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க சொன்னது பஸ்ஸோட ஒரு பக்கத்துக்குத்தானே?"

"ஆமா சார்."

"ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கு."

இப்போது அந்தப் பக்கம் சத்தத்தைக் காணோம்.

"உங்க முதலாளி ஒத்துக்கிட்டாரா சார்?"

"பாதி தருவார். மீதி என் சம்பளத்துல."

"அப்புறம் ஏன் சார் நீங்களே விலையை ஏத்திவிடறீங்க?"

"இருக்கட்டும்மா" என்றார் பாதிவிலை. "கொஞ்ச நாளைக்குத் தோள் நனையும். அவ்வளவுதானே."