பத்து மணிக்கு வராதவர்

மத்தியானம் மூன்று மணிக்குத் தையல்காரர் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது, மனநலப் பிரிவின் சமூகப்பணியாளர் அம்மா கோப்பும் கையுமாக வந்து நின்றார். காலை பத்து மணி ஆலோசனைக்கு மூன்று முறை வராதவரை மறுபடி மருத்துவமனையில் சேர்க்கப் பரிந்துரைக்க வேண்டும் என்பது அவர்கள் அலுவலக விதி. தையல்காரர் மூன்று முறையும் வரவில்லை. பரிந்துரை தயார். தையல்காரருடைய அக்காவின் கையெழுத்துதான் பாக்கி.

போன தடவை ஏழு மாதம் உள்ளே இருந்து வந்தவன், ஊசியில் நூல் கோக்கவே திணறினான் என்று அக்கா அழுதார். விதி அப்படி, நான் என்ன செய்ய என்று அந்த அம்மா கையை விரித்தார். பதினெட்டு வருட அனுபவம். ஆளைப் பார்த்தே எடை போட்டுவிடுவதாக அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தையல்காரர் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, கோப்பைப் பார்க்கலாமா என்று கேட்டார். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மறுக்கக் காரணம் தெரியாமல் அந்த அம்மா நீட்டினார். தையல்காரர் நிதானமாகப் படித்தார்.

"மாத்திரை போட்டா மத்தியானம் வரைக்கும் தலையே தூக்க முடியலன்னு எட்டு மாசம் முன்னாடி மொத நாளே சொன்னேன் மேடம். எழுதியும் இருக்கீங்க. பக்கத்துல 'சாக்கு சொல்கிறார்'னு இருக்கே, அது யாரு எழுதினது?"

உருண்டை உருண்டையான எழுத்து அந்த அம்மாவுடையதுதான். முகம் சுண்டிப்போய், அக்காவைப் பார்க்கவும் கூசித் தரையைப் பார்த்தார். எத்தனை மணிக்கு வந்தால் சரிப்படும் என்று மெல்லக் கேட்டார்.

"மூணு மணி. இதக் கேக்க எட்டு மாசமாச்சா மேடம்?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அந்த அம்மாவுக்கு.

மறுநாள் அலுவலகக் கூட்டத்தில் பரிந்துரையைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கப்போவதாகவும் சொன்னார். ஆளுக்கு ஒரு நேரம் என்றால் அலுவலகம் எப்படி நடக்கும் என்று அதிகாரி சலித்துக்கொண்டார்.

"பத்து மணி நம்ம வசதிக்கு வச்சது சார். நோய் வந்தவரு என்ன சொன்னாலும் அது நோயோட பேச்சுன்னு ஒதுக்கிட்டோம். அவரு சொல்றத ஒரு மனுஷன் சொல்றதா காது குடுத்துக் கேக்கணும். மொத வைத்தியமே அதுதான். அத நான் செய்யல. நான் மூடின பழைய கோப்பெல்லாம் எடுத்துக் குடுங்க சார். இன்னும் எத்தன பேர இப்படித் திருப்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்னு பாக்கணும்."