உச்சிவேளைக் கூப்பாடு

ஒகோரியேயையும் விருமாண்டியையும் சேர்த்துவைத்தவன் நான்தான். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் எனக்கு ஆறவில்லை.

1945இல் மேலூருக்கு வடக்கே, பட்டாளத்துச் சாலைக்குக் கல் எடுத்த குவாரியில் நான் மேஸ்திரி. லாரி ஓட்ட வந்தவன் ஒகோரியே. ஆப்பிரிக்காவில் நைஜீரியாக்காரன், இக்போ சாதிச் சிப்பாய். அவர்களுக்கு வாரத்துக்கு நாலே நாள்தானாம், ஒவ்வொரு நாளும் ஒரு சந்தையின் பெயராம். ஓரியே நாளில் பிறந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். மிஷன் பள்ளியில் கற்ற அரைகுறை இங்கிலீஷை வைத்து இதையெல்லாம் நான் விருமாண்டிக்குச் சொல்வேன். கல் ஏற்றுகிற விருமாண்டி வாயைப் பிளந்து கேட்பான்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒகோரியே உடனே பதில் தரமாட்டான். "கூப்பிட்டது என்னையா?" என்று தன் பாஷையில் திருப்பிக் கேட்பான். ஆள் தெரியாமல் பதில் சொன்னால் அந்தக் குரலோடு உயிரும் போய்விடுமாம். அதுவும் வெயில் உச்சியில் நிற்கும்போது கேட்டால் திரும்பியே பார்க்கக் கூடாதாம்.

விருமாண்டிக்கு ஒரே சந்தோஷம். "நம்மூர்லயும் அதேன் ஆரோக்கியண்ணே. முனி ரெண்டு தரத்துக்கு மேல கூப்பிடாது. மூணாந்தரம் கூப்பிட்டாத்தேன் மனுசன்."

கடல் தாண்டி வந்தவனும் அதையே சொன்னதும் அவனுக்கு அது வேதவாக்காகிவிட்டது. நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். இரண்டு பேரையும் கேலி செய்தேன்.

விருமாண்டியின் மனைவி தங்கப்பொண்ணுக்கு அப்போது நிறைமாதம். முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றிலேயே போய்விட்டன. இந்தத் தடவை வலி கண்டதும் மேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகாவிட்டால் தாயும் தங்காது என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். லாரியில் கால்மணி நேரம்தான். நான் கொண்டுபோகிறேன் என்று ஒகோரியே வாக்குக் கொடுத்திருந்தான்.

அன்று சந்தை நாள். விருமாண்டியின் ஆத்தா முருகம்மாள் சந்தைக்குப் போயிருந்தாள். உச்சிவேளை, குவாரி ஆட்கள் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் மூவரும் லாரி நிழலில் கஞ்சிக்கு உட்கார்ந்தோம். பாறைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"விருமாண்டி…"

எழப்போனவனின் தோளை ஒகோரியே அமுக்கினான்.

"தங்கப்பொண்ணா இருக்குமோடா?" என்றேன்.

"அவ எம் பேரைச் சொல்லுவாளாண்ணே?"

எந்தப் பெண்டாட்டிதான் சொல்வாள்? அவன் நியாயம் எனக்கும் சரியென்று பட்டது. பாறையில் மோதி வந்ததில் குரலும் பிடிபடவில்லை.

மறுபடி கேட்டது. இழுத்து, பாதியில் அடங்கியது.

மூன்றாவது தரத்துக்குக் காத்திருந்தோம். ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை. கஞ்சியில் வைத்த கை அப்படியே இருந்தது. முனியை நம்பாத நான்தான் முதலில் எழுந்திருக்க வேண்டும். அந்த இரண்டு முகங்களையும் பார்த்து எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

நிழல் சாய்ந்த பிறகு போய்ப் பார்த்தோம். ஒற்றையடிப் பாதையில், கற்றாழைப் புதரோரம் தங்கப்பொண்ணு கிடந்தாள். சேலையெல்லாம் ரத்தம். ஒகோரியே அவளை அப்படியே வாரி லாரியில் கிடத்தினான். விருமாண்டி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். லாரி மேட்டிலும் பள்ளத்திலும் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியது.

"ரெண்டு தரம் கூப்பிட்டேன்," என்றாள். "பெறகு சத்தம் வரல."

"நீன்னு தெரியல புள்ள."

"அம்புட்டு ஆம்பளைக இருக்கிற எடம். என்னங்கன்னா ஆரைன்னு தெரியும்? அதேன் பேரைச் சொல்லிப்பிட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கோவிச்சுக்கிறாதீக."

மேலூர் போய்ச் சேர்ந்தபோது அந்த லாரியில் உயிரோடு இருந்தது நாங்கள் மூன்று பேர்தான்.