யார் கொண்டுவந்த அசிட்டோன்

கண்ணால் பார்க்க முடியாத குற்றத்துக்கு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள்.

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவன் நான். பென்சிலைவிட ஒல்லியான குழாய்கள். தண்ணீரில் கழுவி, அசிட்டோன் என்கிற நெடியடிக்கும் திரவத்தில் அலசிக் காயவைக்க வேண்டும். பிறகு அதில் எதையாவது கரைத்து, ஆள் உயரக் காந்தத்துக்குள் இறக்கிப் படம் எடுப்பார்கள். அந்தக் காந்தம் என் மருமகள் பொறுப்பு. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

அன்று ஓர் ஆராய்ச்சிக்காரன் காகிதத்தை ஆட்டிக்கொண்டு வந்தான். தடித்த மூக்குக்கண்ணாடி, நான் வைத்த பெயர் சோடாபுட்டி. காகிதத்தில் ஒரு கோடு, அங்கங்கே முள் முள்ளாக நிமிர்ந்திருந்தது.

"பெரியவரே, இந்த முள்ளு என் பொருளோடது இல்ல. அசிட்டோன். நீங்க அலசுற அசிட்டோன்."

"நாள் பூரா காயவெச்ச குழாய் அது. உன் பொடியில நீ என்னத்தக் கொட்டினியோ, என் தலையில கட்டுறியா?"

மருமகள் ஓடிவந்தாள். "மாமா, கோவப்படாம கேளுங்க. பள்ளிக்கூடத்துல பேர் கூப்பிட்டா 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்வாங்கள்ல?"

"நான் அங்க உள்ளே இருந்ததே கொஞ்ச நாள்தான்."

"ஹைட்ரஜன் அணுவோட கரு ஒவ்வொண்ணும் குட்டிக் காந்தம் மாதிரி. பெரிய காந்தத்துக்குள்ள போனா அணிவகுத்து நிக்கும். ரேடியோ அலையால தட்டினா சாஞ்சு, சுத்திச் சுத்தி ஆடிப் பழைய நிலைக்குத் திரும்பும். அப்பக் குரல் குடுக்கும். பக்கத்துல எந்த அணு உக்காந்திருக்குங்கறதப் பொறுத்துக் குரல் மாறும். அந்தக் குரல்தான் இந்த முள்ளு. அசிட்டோன் குரல் எனக்கு அத்துப்படி."

"சரி, அது யாரோட அசிட்டோன்னு சொல்லுமா?"

"இருக்குன்னு சொல்லும். யார் கொண்டாந்தாங்கன்னு சொல்லாது."

"அப்ப அது சாட்சி இல்லம்மா, கோள்மூட்டி."

சோடாபுட்டி சிரித்துவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் குழாய்ல அது இருந்தா, நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

"அந்த வார்த்தையெல்லாம் வேண்டாம் மாமா."

"சொன்னா சொன்னதுதான்."

காய்ந்த குழாய் ஒன்றை நானே பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பளிச்சென்று இருந்தது. மருமகள் புது சீசாவைத் திறந்து வெறும் கரைப்பானை மட்டும் அதில் ஊற்றினாள். சாதாரண ஹைட்ரஜனை எடுத்துவிட்டுக் கனமான ஹைட்ரஜனை வைத்த கரைப்பானாம். கிட்டத்தட்ட ஊமை, அதனால் மற்றவர்கள் குரல் தெளிவாகக் கேட்குமாம். காந்த அறைக்குள் போகுமுன் என் கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொன்னார்கள். அணைக்கவே அணைக்காத காந்தமாம். அதை நம்பி என் மானத்தை உள்ளே இறக்கினார்கள்.

திரையில் கோடு ஓடியது. அதே இடத்தில் முள் நிமிர்ந்தது.

"சீசாவுலயே இருந்திருக்கும்!" என்றேன்.

பெட்டி பிரிக்காத புதுக் குழாயில் அதே கரைப்பானை ஊற்றிக் காட்டினாள். முள் இல்லை.

"எப்படிக் காயவெக்கிறீங்க மாமா?"

"நிமித்திதான்."

"கவுத்து வெக்கணும்னு சேந்த அன்னைக்கே சொன்னேனே! அசிட்டோன் ஆவி காத்தவிடக் கனம். இவ்வளவு ஒடுக்கமான குழாயில மேல ஏறி வராது, அடியிலயே குந்திக்கும்."

சொன்னாள்தான். கவிழ்த்தால் விளிம்பு உடையும், உடைந்தால் பழி என்மேல் விழும், என்னை மாட்டிவிடத்தான் சொல்கிறாள் என்று நினைத்து நிமிர்த்தியே வைத்தேன்.

ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"விடுங்க பெரியவரே, பரவால்ல" என்றான் சோடாபுட்டி. அதற்கு அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மருமகளுக்குத்தான் பொங்கியது. "போங்க. இந்த வாரம் படம் எடுத்தவங்க எல்லாரும் திரும்ப எடுக்கணும். அத்தனை குழாயையும் திரும்பக் காயவெக்கணும். நீங்க வாக்கக் காப்பாத்திக்கிட்டு வீட்டுல உக்காருங்க, நான் செய்யறேன்."

போனால் ஓடிப்போனவன். இருந்தால் வாக்குத் தவறியவன். எதைச் சொல்லித் தப்புவது?

"டிஷ்யூ பேப்பர் எங்க?" என்று கத்தினேன். "விளிம்புக்கு அடியில விரிக்கணும்ல!"

"அன்னைக்கே கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்று முணுமுணுத்தபடி எடுத்துக் கொடுத்தாள்.

ஒவ்வொன்றாகக் கவிழ்க்க ஆரம்பித்தேன். சோடாபுட்டி வாசலிலேயே நின்றான்.

"நாளைக்கு வருவீங்கள்ல பெரியவரே?"

பல்லைக் கடித்துக்கொண்டு, "வருவேன்" என்றேன்.