குப்பை யார் பங்கு

ஈஸ்ட் செல் இரண்டாகப் பிரியும்போது தாய் செல் செய்கிற தியாகத்தை எண்ணிப் பேராசிரியர் முப்பது வருடமாக மேடை மேடையாக உருகிக்கொண்டிருந்தார். "கெட்டுப்போன புரதம், முறுக்கிக்கொண்ட புரதம், எல்லாக் குப்பையையும் தாய் தன்னிடமே வைத்துக்கொள்கிறாள். மகளைச் சுத்தமாக அனுப்பிவைக்கிறாள்!" இந்த இடத்தில் கைக்குட்டையை எடுப்பார். கண்ணில் ஒன்றும் இருக்காது, மூக்கில்தான் இருக்கும்.

அவரிடம் பதினோரு வருடம் குப்பை கொட்டிய மாணவிக்கு மேல்மாடியில் தனி ஆய்வகம் கிடைத்தது. சாமான்களைப் பிரித்துக்கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: ஊசி மைக்ரோஸ்கோப். கண்ணாடி ஊசியால் தாயையும் மகளையும் தள்ளிவைத்துப் பார்க்கிற கருவி. அவரிடம் இரண்டு இருந்தன. அது இல்லாமல் ஒரு தாய் எத்தனை தடவை பிரிகிறாள் என்று அவளால் எண்ண முடியாது. ஆறு மாதத்தில் எண்ணிக் காட்டாவிட்டால் ஆய்வகமும் கிடையாது.

தள்ளுவண்டியில் வந்தவை: கதவு மூடாத குளிர்பெட்டி, சுற்றினால் மேஜையை விட்டு நடந்துபோகிற சென்ட்ரிஃப்யூஜ், ஒரு கால் குட்டையான நாற்காலி. தள்ளிக்கொண்டு வந்தவர், அவளோடு மாடியேறச் சம்மதித்த ஒரே ஜீவனான டெக்னீஷியன் அண்ணன்.

"மைக்ரோஸ்கோப் எங்கண்ணே?"

"அவருக்கு ரெண்டுமே வேணுமாம்மா. ஒண்ணு பாக்க, ஒண்ணு வச்சுக்க."

"அப்போ இதெல்லாம்?"

"அன்பளிப்பாம்."

அவள் வண்டியைத் திருப்பி, அண்ணனையும் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு கீழே போனாள். பேராசிரியர் புது மாணவர்களுக்குத் தாய்ப்பாசம் நடத்திக்கொண்டிருந்தார். கைக்குட்டைக் கட்டம். மூக்கு முடியும்வரை காத்திருந்தாள்.

"சார், ஒரு சந்தேகம். தாய் ரொம்பக் கெழவியாயிட்டா?"

பாடம் என்று வந்துவிட்டால் அவருக்கு ஆள் தெரியாது. "நல்ல கேள்வி! இருபது தடவை கிட்ட பிரிஞ்சுட்டா, பங்கு பிரிக்கிற புத்தி கெட்டுப்போயிடும். குப்பை மக தலையிலயும் விழும். அவ பொறக்கும்போதே பாதிக் கெழவி!"

"உங்ககிட்டேருந்து இதுவரைக்கும் எத்தனை பேர் சார் தனியாப் போயிருக்காங்க?"

"இருபத்தி..." என்று ஆரம்பித்தவர் வண்டியைப் பார்த்தார். நாற்காலி அவரைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. பின்வரிசையில் ஒரு சிரிப்பு அவசரமாக இருமலாக மாறியது.

"ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போ," என்று முகத்தைத் துடைத்தார். இந்தத் தடவை துடைக்க ஏதோ இருந்தது.

குளிர்பெட்டியும் சென்ட்ரிஃப்யூஜும் அங்கேயே இறங்கின. மேலே ஆள் இரண்டு, நாற்காலி ஒன்று என்பதால் நொண்டி நாற்காலி மட்டும் மைக்ரோஸ்கோப்போடு திரும்பியது.

"பெரிய மனுஷன்! குடுக்கிற லட்சணத்தைப் பாருங்கண்ணே," என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள். மைக்ரோஸ்கோப்பை ஜன்னலோரம் வைத்து, நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்த நொண்டி உங்களுக்குண்ணே. காலுக்கு ஒரு அட்டையை மடிச்சு வச்சுக்குங்க."

அண்ணன் அட்டையை மடித்தார். பாதி மடித்தவர் தலை நிமிராமல் கேட்டார்: "பங்கு பிரிக்கிறதுல உனக்கு இதுதானேம்மா முதல் தடவை?"

அவள் எழுந்தாள். அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, நல்ல நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

தாயாக இருப்பது இடுப்புக்கு ஆகாது என்பது அன்று சாயங்காலமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.